எழுத்து சிறிதாகத் தெரிகிறதா? கணினித் திரை பற்றி ஒரு பாடம்



நமது அறக்கட்டளையின் கணினி அறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். "திரையில் எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை, என்ன செய்வது?" என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். புதிதாக லேப்டாப் வாங்கிய கல்லூரிப் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள்.

இந்தச் சிக்கல் வந்தால் நம் வீடுகளில் பொதுவாக மூன்றில் ஒன்று நடக்கிறது. வயதானவர்கள் "இது நமக்குச் சரிப்படாது" என்று கணினியை விட்டே ஒதுங்கிவிடுகிறார்கள். அல்லது வீட்டுப் பிள்ளை எதையோ மாற்றி வைக்கிறான். எழுத்து பெரிதாகிறது, ஆனால் மங்கிப்போகிறது. அல்லது கடையில் சொன்னதைக் கேட்டு, கைமாற்று வாங்கியாவது பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான வேளைகளில் இந்த மூன்றுமே தேவையில்லை. கணினிக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, ஒரு காசும் செலவில்லை.

ஆனால் அதைச் சரியாகச் செய்ய, இரண்டு விஷயங்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, திரையின் தெளிவு அளவு. ரெசல்யூஷன் என்று சொல்கிறோமே, அது. மற்றொன்று, எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. இதற்கு ஸ்கேலிங் என்று பெயர். இவ்விரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

புள்ளிகளால் ஆன திரை

கணினித் திரை என்பது மிகச் சிறிய புள்ளிகளை வரிசை வரிசையாக அடுக்கி வைத்த ஒரு பலகை. ஒவ்வொரு புள்ளிக்கும் பிக்ஸல் என்று பெயர். திரையில் நாம் பார்க்கும் எழுத்து, படம், கோடு எல்லாமே இந்தப் பிக்ஸல்கள் சில ஒளிர்ந்தும் சில மங்கியும் காட்டும் தோற்றமே. பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் குறுக்கே 1366 பிக்ஸல், மேலிருந்து கீழே 768 பிக்ஸல் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் சுமார் பத்தரை லட்சம். இப்போது விற்கும் லேப்டாப்புகளில் பலவற்றுக்கு 1920 × 1080. அதாவது இருபது லட்சத்துக்கும் மேல். 4கே என்று சொல்லப்படும் திரையில் 3840 × 2160. எண்பத்திரண்டு லட்சத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 15.6 அங்குல லேப்டாப் என்றால் அதன் திரை அகலம் சுமார் 34 அல்லது 35 செ.மீ. பழைய லேப்டாப்புக்கும் இதே அகலம்தான், புதியதற்கும் இதே அகலம்தான். அதே இடத்தில் பழையதில் 1366 பிக்ஸலும் புதியதில் 1920 பிக்ஸலும் அடுக்கப்பட்டுள்ளன. அப்படியானால் புதியதில் ஒவ்வொரு பிக்ஸலும் சிறியதாகத்தானே இருக்க வேண்டும்? ஓர் அங்குலத்துக்குள் பழைய திரையில் சுமார் 100 பிக்ஸல், புதிய திரையில் சுமார் 141 பிக்ஸல். புது லேப்டாப்பில் எழுத்து சிறிதாகத் தெரிவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

நுக்தாவும் பிக்ஸலும்

இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அரபு எழுத்துக்கலையில் எழுத்தின் அளவை நுக்தாவைக் கொண்டு கணக்கிடுவார்கள். நாணல் பேனாவின் முனையை வைத்து அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே நுக்தா. அலிஃப் இத்தனை நுக்தா உயரம், பாவின் நீளம் இத்தனை நுக்தா என்று விகிதம் வைத்திருப்பார்கள். அப்பாஸியர் ஆட்சியில் அமைச்சராக இருந்து கி.பி. 940இல் மறைந்த இப்னு முக்லா இந்த விகித முறையை வகுத்தவராகக் கருதப்படுகிறார். பேனா முனை அகலமானால் நுக்தா பெரிதாகும். அதே விகிதத்தில் எழுத்து முழுவதும் பெரிதாகும். முனை மெலிந்தால் எழுத்தும் சிறுக்கும். எண்ணிக்கை மாறாது, அளவு மாறும்.

கணினியும் இப்படித்தான் எழுதுகிறது. விண்டோஸ் கணினியில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்ஸல் என்பது பழைய காலம்தொட்டு வரும் அடிப்படைக் கணக்கு. அச்சுத் தொழிலில் 72 பாயின்ட் சேர்ந்தது ஓர் அங்குலம். ஆகவே 12 பாயின்ட் எழுத்து என்று நாம் தேர்ந்தெடுத்தால், கணினி அதற்கு 16 பிக்ஸல் ஒதுக்குகிறது. அங்குலத்துக்கு 100 பிக்ஸல் உள்ள பழைய லேப்டாப்பில் இந்த 16 பிக்ஸல் சுமார் 4 மி.மீ. உயரம் பிடிக்கும். அங்குலத்துக்கு 141 பிக்ஸல் உள்ள புதிய லேப்டாப்பில் அதே 16 பிக்ஸல் 3 மி.மீ.க்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். தாளில் அச்சிட்டால் இது 8 பாயின்ட் எழுத்தின் அளவு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டில் உள்ள எழுத்தைப் போல இருக்கும். பிள்ளை 12 பாயின்ட்தான் வைத்திருக்கிறேன் என்கிறான், அத்தா எனக்குத் தெரியவில்லை என்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

ரெசல்யூஷனைக் குறைப்பது ஏன் தவறு?

எழுத்து சிறிதாக இருக்கிறது என்றதும் பலரும் முதலில் செய்வது ரெசல்யூஷனைக் குறைப்பது. 1920 × 1080 என்று இருப்பதை 1280 × 720 அல்லது 1024 × 768 என்று மாற்றிவிடுவார்கள். எழுத்து உடனே பெரிதாகும். "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்று எழுந்து போய்விடுவார்கள். பிறகு அதில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குத்தான் தொல்லை தெரியும்.

முன்பு இருந்த குண்டு மானிட்டர்களில் இப்படி மாற்றினால் அதிகக் கெடுதல் தெரியாது. இன்றைய தட்டைத் திரைகள் அப்படியல்ல. தொழிற்சாலையில் எத்தனை பிக்ஸல் அடுக்கினார்களோ அத்தனைதான். அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 1920 பிக்ஸல் உள்ள திரையிடம் 1280 பிக்ஸலுக்கான படத்தைக் கொடுத்தால், ஒரு பிக்ஸலுக்கு உரிய மையை ஒன்றரைப் பிக்ஸலில் பூச வேண்டியிருக்கிறது. அரைப் பிக்ஸல் என்று ஒன்று கிடையாது. எனவே பக்கத்துப் பிக்ஸலில் கொஞ்சம் சாம்பல் நிறமாகக் கலந்து பூசுகிறது. எழுத்தின் ஓரம் மங்குவது இதனால்தான். 1024 × 768 என்று வைத்தால் மற்றொரு கெடுதலும் சேரும். அது 4க்கு 3 என்ற பழைய விகிதம். திரையோ 16க்கு 9. முழுத்திரைக்கும் இழுத்துக் காட்டும்போது வட்டம் முட்டையாகும், எழுத்து குட்டையாகவும் பருத்தும் தெரியும்.

இந்த மங்கல் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கும் அரபுக்கும் அதிகக் கேடு செய்யும். கி, கீ இரண்டையும் பிரிப்பது மேலே உள்ள ஒரு சிறு சுழி. ன, ண இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வளைவு. மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். அரபில் பாவுக்குக் கீழே ஒரு புள்ளி, தாவுக்கு மேலே இரண்டு, ஸாவுக்கு மேலே மூன்று. ஃபத்ஹா எழுத்துக்கு மேலே ஒரு சிறு கோடு, கஸ்ரா கீழே அதே சிறு கோடு. திரையில் பார்த்து ஓதிப் பழகும் பிள்ளைக்கு இரண்டு புள்ளியும் மூன்று புள்ளியும் ஒன்றாகக் குழம்பித் தெரிந்தால் பிழை யாருடையது?

ஒரு பதிவேட்டுப் பணி

மக்தபில் நெடுங்காலம் ஓதிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு ஹஜ்ரத், மஹல்லாவின் பழைய நிக்காஹ் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணியைச் செய்து வந்தார். பழைய கையெழுத்தைப் படிக்கவும், எந்தக் குடும்பத்தில் யார் என்று அறியவும் அவரைப்போல் வேறு ஆள் இல்லை. முகைதீன் என்று எழுதுவோரும் மைதீன் என்று எழுதுவோரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். பதிவேட்டில் ஓர் எழுத்து மாறினால் பிற்காலத்தில் பாஸ்போர்ட்டுக்கோ வாரிசுச் சான்றுக்கோ அலைய வேண்டியவர் அந்த வீட்டுப் பிள்ளைதான். அவரும் அதை உணர்ந்து ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை சரிபார்ப்பார்.

பழைய கணினி பழுதாகிப் புதியது வந்தபோது எழுத்துகள் சிறுத்துவிட்டன. உதவிக்கு வந்த ஒருவர் ரெசல்யூஷனை 1024 × 768 ஆக்கிவிட்டுப் போனார். எழுத்து பெரிதானது, ஆனால் ஓரமெல்லாம் கரைந்து நின்றது. இரண்டு வாரம் தலைவலியோடு பார்த்துவிட்டு, "என் கண் போய்விட்டது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார் ஹஜ்ரத். கணினி அறையில் படிக்கும் மாணவி ஒருத்தி இதைக் கேள்விப்பட்டு, ரெசல்யூஷனை மீண்டும் 1920 × 1080 ஆக்கி, ஸ்கேலை 150 சதவீதமாக வைத்தாள். "இப்போது பாருங்கள் ஹஜ்ரத்" என்றாள். அவர் ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தார். "கண் இருக்கிறதும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பணி இன்றும் அவரிடமே இருக்கிறது.

அந்த மாணவி செய்ததைத்தான் அடுத்துப் படிப்படியாக விளக்குகிறோம்.

சரியாகச் செய்யும் முறை

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளுக்கான வழி இது.

1. திரையில் எதுவும் இல்லாத வெற்றிடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. முதலில் டிஸ்ப்ளே ரெசல்யூஷன் என்ற இடத்தைப் பாருங்கள். பட்டியலில் ஓர் அளவுக்குப் பக்கத்தில் மட்டும் ரெக்கமெண்டட் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் அதுவே அந்தத் திரையின் இயல்பான அளவு. அதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றியதும், இப்படியே வைத்துக்கொள்ளவா என்று கணினி கேட்கும். பதில் சொல்லாவிட்டால் சில நொடிகளில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எனவே பயப்பட வேண்டியதில்லை.

3. அடுத்து ஸ்கேல் என்ற இடத்துக்கு வாருங்கள். 100, 125, 150, 175 என்று சதவீதங்கள் இருக்கும். முதலில் 125 வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் 150.

4. மாற்றிய பிறகு சில மென்பொருள்களில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால், ஒருமுறை கணினியை அணைத்துப் போடுங்கள்.

இங்கே நடப்பது என்ன? 150 சதவீதம் என்றால், 16 பிக்ஸலில் எழுதிய எழுத்தை இனி 24 பிக்ஸலில் எழுது என்று கணினிக்குச் சொல்கிறோம். பிக்ஸல் சிறியதாகவே இருக்கிறது. ஓர் எழுத்துக்குக் கிடைக்கும் பிக்ஸல்தான் கூடுகிறது. அதிகப் புள்ளிகளால் எழுதுவதால் வளைவுகள் நெளிவின்றி, அச்சில் பார்ப்பதுபோல் தெளிவாக வருகின்றன. ரெசல்யூஷனைக் குறைத்தால் பெரிய எழுத்து மங்கலாகக் கிடைக்கும். ஸ்கேலைக் கூட்டினால் பெரிய எழுத்து கூர்மையாகக் கிடைக்கும்.

பட்டன்கள், படங்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், எழுத்து மட்டும் பெரிதாக வேண்டும் என்றால் அதற்கும் தனி வழி உண்டு. விண்டோஸ் விசையையும் யு விசையையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 11இல் வரும் பக்கத்தில் டெக்ஸ்ட் சைஸ் என்ற இடத்துக்குச் சென்று, குமிழை வலப்பக்கம் நகர்த்தி அப்ளை கொடுங்கள். விண்டோஸ் 10இலும் அதே விசைகளை அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கும் குமிழ் வரும்.

வலைத்தளம் ஒன்றை வாசிக்கும்போது மட்டும் எழுத்து சிறிதாக இருந்தால், எதையும் நிரந்தரமாக மாற்ற வேண்டாம். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கூட்டல் விசையைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எழுத்து பெரிதாகும். கழித்தல் விசை சிறிதாக்கும். கன்ட்ரோலும் பூஜ்யமும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நம் வீட்டுப் பெண்கள் பலர் சமையல் குறிப்போ பாடமோ பார்க்க இதைக் கற்றுக்கொண்டபின் வேறு உதவியே கேட்பதில்லை.

விண்ணப்பம் போடுகிறவர்கள் கவனத்துக்கு

கல்வி உதவித்தொகை விண்ணப்பங்கள் இப்போது கணினி வழியாகவே போகின்றன. சிறிய எழுத்தால் மிக அதிகம் இழப்பவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். ஆதார் எண் 12 இலக்கம். வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்துகள் கொண்டது. அதில் ஐந்தாவது இடத்தில் இருப்பது எப்போதும் பூஜ்யமே. அதை ஆங்கில ஓ என்று எண்ணித் தட்டச்சு செய்கிறவர்கள் உண்டு. சிறிய மங்கலான திரையில் 3க்கும் 8க்கும், 5க்கும் 6க்கும் வேறுபாடு தெரிவதில்லை. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பணம் வராது. வந்தாலும் வேறு கணக்குக்குப் போகும். எனவே சமர்ப்பிக்கும் முன், எண்கள் உள்ள பக்கத்தைக் கன்ட்ரோல் கூட்டலால் 150 அல்லது 200 சதவீதம் பெரிதாக்கி, ஒருவர் பாஸ்புக்கைப் பார்த்து வாசிக்க மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள்.

எழுத்தைப் பெரிதாக்கும்போது ஒரு சங்கடமும் வரும், அதையும் சொல்லிவிடுகிறோம். எழுத்து பெரிதானால் ஒரே நேரத்தில் திரையில் அடங்குவது குறையும். 1920 × 1080 திரையை 150 சதவீதத்தில் வைத்தால், இடத்தைப் பொறுத்தவரை அது 1280 × 720 திரையைப் போலாகிவிடும். இது வாசிக்கப் போதுமானது. ஆனால் 1366 × 768 உள்ள பழைய லேப்டாப்பில் 125 சதவீதம் வைத்தாலே உயரத்தில் 614 பிக்ஸல் அளவு இடமே மிஞ்சும். சில பெட்டிகளில் கீழே உள்ள ஓகே அல்லது சப்மிட் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். விண்ணப்பம் முடிந்துவிட்டது என்று எண்ணி, சப்மிட் கொடுக்காமலே மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலைப்பக்கமாக இருந்தால் கன்ட்ரோல் கழித்தலால் சற்றுச் சிறிதாக்கினால் பொத்தான் தெரியும். வேறு மென்பொருளாக இருந்தால், அந்த வேலை முடியும்வரை ஸ்கேலை 100க்குக் கொண்டுவந்து, பிறகு பழையபடி வையுங்கள். ஒப்புகை எண் கிடைத்த பிறகே விண்ணப்பம் முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

தட்டச்சு வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு சொல். கண்ணுக்குத் தெரியவில்லை என்று கடிதத்தின் எழுத்தளவை 12இலிருந்து 18 பாயின்ட் ஆக்கினால், அச்சிடும்போதும் அது 18 ஆகவே வரும். ஒரு பக்கக் கடிதம் இரண்டு பக்கமாகும். அதற்குப் பதிலாக, வேர்டு மென்பொருளின் கீழ் வலது மூலையில் உள்ள ஜூம் குமிழை நகர்த்துங்கள். திரையில் மட்டும் பெரிதாகும், தாளில் மாறாது. ஸ்கேலை மாற்றுவதும் அச்சைப் பாதிக்காது.

வேறு சில கோளாறுகள்

விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் திரை முழுவதும் பருத்துத் தெரிகிறது, ரெசல்யூஷன் பட்டியலிலும் சரியான அளவைக் காணோம் என்றால், பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் என்னும் மென்பொருள் ஏற்றப்படவில்லை என்று பொருள். அதை ஏற்றினால் போதும், திரையில் குறையில்லை.

மேசைக் கணினியின் மானிட்டரில் எழுத்துக்கு நிழல் விழுவதுபோல் இருந்தால் கேபிளைப் பாருங்கள். இருபுறமும் திருகு உள்ள நீலநிற விஜிஏ கேபிள் பழைய முறையில் படத்தை அனுப்புவது. அதில் சிறிது மங்கல் வரலாம். மானிட்டரில் ஆட்டோ என்ற பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இரண்டிலும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்தக் கேபிளுக்கு மாறுங்கள்.

வீட்டு டிவியைக் கணினித் திரையாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. 32 அங்குல டிவியில் 1366 × 768 பிக்ஸல் என்றால் அங்குலத்துக்கு 49 பிக்ஸல்தான். தூரத்திலிருந்து படம் பார்க்க நன்றாக இருக்கும்; பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டுபோல் தெரியும். திரை பெரிதாக இருப்பது வேறு, தெளிவாக இருப்பது வேறு என்பதற்கு இதுவே சான்று.

கைப்பேசியிலும் இதே வசதி உண்டு. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே என்ற பகுதிக்குள் ஃபான்ட் சைஸ், டிஸ்ப்ளே சைஸ் அல்லது ஸ்கிரீன் ஜூம் என்று இருக்கும். முன்னது எழுத்தை மட்டும் பெரிதாக்கும், பின்னது எல்லாவற்றையும் பெரிதாக்கும். வீட்டில் உள்ள நன்னாவுக்கும் நன்னிக்கும் இதைச் செய்துகொடுங்கள். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் செய்தியைப் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதைவிட, தானே வாசிப்பதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. எல்லாச் செய்தியும் பேரன் வாசிக்க வேண்டியதும் அல்ல.

கண்ணாடியும் தூரமும்

நாற்பது வயதுக்குப் பிறகு கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் குறைவது இயற்கை. வெள்ளெழுத்து என்று நம் பெரியவர்கள் சொல்வது இதையே. இதற்குக் கொடுக்கும் வாசிப்புக் கண்ணாடி, கையில் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது ஓர் அடியைச் சற்றுத் தாண்டிய தூரத்துக்கு ஏற்றது. கணினித் திரையோ கை நீட்டும் தூரத்தில், சுமார் 50 முதல் 70 செ.மீ.யில் இருக்கிறது. அதனால்தான் பலர் திரையை நோக்கிக் குனிகிறார்கள், அல்லது இரட்டைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே பார்க்க முகத்தைத் தூக்கிக் கழுத்து வலியை வாங்கிக்கொள்கிறார்கள். கண் மருத்துவரிடம் போகும்போது, "நான் கணினியில் வேலை செய்கிறேன், திரை இத்தனை தூரத்தில் இருக்கிறது" என்று அளந்து சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடி தருவார்கள்.

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கியும், கண்ணாடி போட்டும் மங்கல் தீரவில்லை, நேர்க்கோடு வளைந்து தெரிகிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றால் அது திரையின் குறையல்ல. தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

பிள்ளைகள் மணிக்கணக்கில் திரையைப் பார்க்கும் வீடுகளில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது நொடி பார்க்கச் சொல்லுங்கள். கண் இமைக்க மறப்பதால் வரும் வறட்சியும் இதனால் குறையும்.

வாங்கும் முன்

இவ்வளவுக்குப் பிறகும் புதிய மானிட்டர் தேவைதானா? ஒரு கணக்கைப் பாருங்கள். 1920 × 1080 உள்ள 24 அங்குல மானிட்டரில் 12 பாயின்ட் எழுத்து சுமார் 4.4 மி.மீ. அளவில் தெரியும். அதே ரெசல்யூஷன் உள்ள 15.6 அங்குல லேப்டாப்பில் ஸ்கேலை 150 சதவீதமாக வைத்தால் சுமார் 4.3 மி.மீ. வாசிப்பதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கு எழுதுகிறவர்கள், இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டியவர்கள் ஆகியோருக்கு மட்டும் பெரிய மானிட்டரால் உண்மையான பயன் உண்டு. அவர்கள் வாங்கட்டும்.

வாங்குகிறவர்கள் கடையில் அங்குலத்தை மட்டும் கேட்காதீர்கள், "ரெசல்யூஷன் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். பழைய கணினி வாங்குகிறவர்கள், கடையிலேயே டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, ரெக்கமெண்டட் என்று இருக்கும் அளவைப் பாருங்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ அவரை உடன் அழைத்துச் செல்வது இன்னும் நல்லது. மகனின் கண்ணுக்குத் தெரிவது தாயின் கண்ணுக்கும் தெரியும் என்று கொள்ள முடியாது.

சுருக்கமாக நினைவில் கொள்ள வேண்டியவை:

ரெசல்யூஷன் எப்போதும் ரெக்கமெண்டட் அளவிலேயே இருக்கட்டும்.

எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேலை 125 அல்லது 150 ஆக்குங்கள்.

வலைப்பக்கத்துக்கு மட்டும் என்றால் கன்ட்ரோலும் கூட்டலும் போதும்.

எண்களைச் சமர்ப்பிக்கும் முன் பெரிதாக்கிச் சரிபாருங்கள்.

மங்கல் தீராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கணினி அறை ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை திறந்திருக்கும். லேப்டாப்பைக் கொண்டுவந்தால் நம் மாணவர்களே பார்த்துச் சரிசெய்து தருவார்கள், கட்டணம் ஏதுமில்லை. பெண்களுக்கு மாணவிகள் உதவுவார்கள். நேரில் வர இயலாத முதியவர்கள் வீட்டில் இருந்தால் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ் ஒருவரை வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம்.